கைவிடு (கூட்டு வினை)

கைவிடு அல்லது கைவிடுதல் என்பது தமிழில் பெருவழக்கிலுள்ள ஒரு கூட்டு வினை ஆகும். "கை" என்னும் பெயர்ச்சொல்லும் "விடு" என்னும் வினைச்சொல்லும் சேர்ந்து இது உருவாகியுள்ளது. பிடித்திருந்த கையை நெகிழ விடுதல் என்பது இதன் நேர்ப்பொருள். ஒருவரை, ஒரு பொருளை, ஒரு முயற்சியை, ஒரு பழக்கத்தை அல்லது ஒரு கொள்கையை இனித் தன்னுடையது அல்ல என்று விட்டு நீங்குதல் என்பது இதன் வழிப்பொருள். இன்றைய தமிழில் வழிப்பொருளே பெரும்பான்மையாக வழங்குகின்றது.

ஆங்கிலத்தில் வினையும் துகளும் சேர்ந்து அமையும் "கிவ் அப்" என்னும் சொற்றொடர் வினைக்கு அகராதிகளும் பாடநூல்களும் பெரும்பாலும் "கைவிடு" என்றே பொருள் தருகின்றன. எனினும் இவ்விரண்டும் எல்லா இடங்களிலும் ஒன்றுக்கொன்று ஈடாவதில்லை. குமரி மாவட்டத்தின் தக்கலை வட்டார வரலாற்றில் நிகழ்ந்த சில நிகழ்வுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. சட்டத்திலும் அரசு நிர்வாகத்திலும் இச்சொல்லுக்கு வரையறுத்த பொருள் உண்டு. ஓர் ஓய்வூதியமோ, ஒரு குழந்தையின் எதிர்காலமோ அப்பொருளைச் சார்ந்து அமைவதும் உண்டு.

சொல்லமைப்பு

பெயரும் வினையும் இணைந்து ஒரே வினையாக இயங்குவதைக் கூட்டு வினை என்பர். கைவிடு, கைக்கொள், கைப்பற்று, கையாள் ஆகியவை "கை" என்னும் பெயரை முதற்கூறாகக் கொண்டவை. இவற்றில் முதற்கூறு வேற்றுமை உருபு ஏற்காமல் நிற்கும். இரண்டாம் கூறே காலமும் பால் விகுதியும் ஏற்கும்.

- இறந்தகாலம்: கைவிட்டான், கைவிட்டாள், கைவிட்டது
- நிகழ்காலம்: கைவிடுகிறான்
- எதிர்காலம்: கைவிடுவான்
- எதிர்மறை: கைவிடான், கைவிடவில்லை, கைவிடாதே
- செயப்பாட்டு வினை: கைவிடப்பட்டது
- தொழிற்பெயர்: கைவிடல், கைவிடுதல், கைவிடுகை

"விடு" என்பது தனிவினையாக "நீங்கு, நீக்கு, செல்ல அனுமதி" முதலிய பொருள்களைத் தரும். துணைவினையாக வரும்போது அது செயல் முற்றுப்பெற்றதை உணர்த்தும். "சாப்பிட்டான்" என்பதற்கும் "சாப்பிட்டுவிட்டான்" என்பதற்கும் உள்ள வேறுபாடு இதனால் விளைவதே. ஆங்கிலத்தில் மேல்நோக்கிய திசையைக் குறிக்கும் "அப்" என்னும் துகளும் இதே போன்று திசைப்பொருளை இழந்து முற்றுப்பொருளைத் தருவதுண்டு. "ஈட்" என்றால் உண். "ஈட் அப்" என்றால் மிச்சமின்றி உண்டு முடி. "கைவிட்டுவிட்டான்" என்ற வடிவத்தில் "விடு" இருமுறை வருகின்றது. முதலாவது கூட்டு வினையின் பகுதி, இரண்டாவது துணைவினை.

நேர்ப்பொருளையும் வழிப்பொருளையும் வேறுபடுத்தல்

பின்வரும் இரு வாக்கியங்களை ஒப்பிடலாம்.

1. குழந்தை சந்தையில் தாயின் கையை விட்டது.
2. தாய் குழந்தையைக் கைவிட்டாள்.

முதல் வாக்கியத்தில் "கை" என்பது உண்மையான உடல் உறுப்பு. அது "ஐ" உருபை ஏற்றுச் செயப்படுபொருளாக நிற்கின்றது. இரண்டாம் வாக்கியத்தில் செயப்படுபொருள் "குழந்தை" ஆகும். அங்கு "கை" எவருடைய கையையும் தனியே சுட்டவில்லை. இவ்வேறுபாட்டை அறிய மூன்று எளிய சோதனைகள் உள்ளன.

- உருபுச் சோதனை: "ஐ" உருபு கையோடு சேர்ந்தால் நேர்ப்பொருள், விடப்பட்டவரோடு அல்லது விடப்பட்டதோடு சேர்ந்தால் வழிப்பொருள்.
- அடைமொழிச் சோதனை: நேர்ப்பொருளில் கைக்கு அடை சேர்க்கலாம் ("வலக் கையை விட்டான்"). வழிப்பொருளில் அவ்வாறு சேர்க்க இயலாது.
- எழுவாய்ச் சோதனை: கை இல்லாத ஒன்று எழுவாயாக வந்தால் வழிப்பொருளே பொருந்தும் ("இவ்வாண்டு பருவமழை உழவரைக் கைவிட்டது").

இடைவெளி விட்டு எழுதுவதாலும் பொருள் மாறும். "பானைக்குள் கை விட்டான்" என்னும்போது "விடு" என்பதற்கு நுழைத்தல் என்று பொருள். இது விடுதலுக்கு ஏறக்குறைய எதிரான செயல் என்பது குறிப்பிடத்தக்கது. "விரல்விட்டு எண்ணலாம்" என்ற வழக்கு மிகச் சிலவே உள்ளன என்பதைக் குறிக்கும். "கையை விட்டுச் செலவு செய்தான்" என்றால் தன் சொந்தப் பணத்தைச் செலவிட்டான் என்பது பொருள். எனவே வழிப்பொருளில் வரும் "கைவிடு" என்பதைப் பிரிக்காமல் ஒரே சொல்லாக எழுதுவதே முறையாகும்.

வழிப்பொருள்கள்

1. ஆளை விட்டு நீங்குதல்

தன்னை நம்பியிருக்கும் ஒருவரைக் காப்பாற்றாமல் விடுதல். கையைப் பிடித்தல் என்பது தமிழர் வாழ்வில் திருமணத்தையும் ("கைப்பிடித்தல்"), துணைநிற்றலையும் ("கைகொடுத்தல்") குறிக்கும் செயல் ஆகையால், கையை விடுதல் உறவை முறித்தலைக் குறிப்பதாயிற்று. இப்பொருளில் இச்சொல் வலுவான கண்டனத்தைச் சுமக்கின்றது. பிரிந்து வாழும் எல்லோரும் கைவிட்டவர்கள் ஆகமாட்டார்கள். வெளிநாட்டில் வேலை செய்து குடும்பத்துக்குப் பணம் அனுப்பும் ஒருவர் தொலைவில் இருக்கின்றார், ஆனால் கைவிடவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பெற்றோருக்கு உணவளிக்காத ஒருவர் அருகில் இருக்கின்றார். ஆயினும் கைவிட்டவர் ஆகின்றார்.

2. இடத்தையோ பொருளையோ பயன்பாட்டில் இருந்து நீக்குதல்

கைவிடப்பட்ட கல்குவாரி, கைவிடப்பட்ட கிணறு, கைவிடப்பட்ட தொடர்வண்டிப் பாதை முதலியன. இப்பொருளில் கண்டனம் இல்லை. எனினும் உரிமையாளரோ பராமரிப்போ இல்லை என்ற குறிப்பு உண்டு.

3. முயற்சி, திட்டம், போராட்டம் ஆகியவற்றை நிறுத்துதல்

"வேலைநிறுத்தம் கைவிடப்பட்டது", "அணைத் திட்டம் கைவிடப்பட்டது" ஆகியவை செய்தி நடையில் நாள்தோறும் வருபவை. "முடித்துக்கொள்ளப்பட்டது" என்பது நோக்கம் ஓரளவேனும் நிறைவேறியதைக் காட்டும். "தள்ளிவைக்கப்பட்டது" என்பது மீண்டும் தொடங்கும் வாய்ப்பைக் காட்டும். "கைவிடப்பட்டது" என்பதோ மேற்கொண்டு தொடரும் எண்ணம் இல்லை என்பதைக் காட்டும். மழையால் தொடர முடியாமற்போன துடுப்பாட்டப் போட்டியும் "கைவிடப்பட்டது" என்றே குறிக்கப்படுகின்றது.

4. பழக்கம், கொள்கை, நம்பிக்கை ஆகியவற்றை விடுதல்

"புகைப் பழக்கத்தைக் கைவிட்டார்" என்பதில் இச்சொல் பாராட்டைப் பெறுகின்றது. "கொள்கையைக் கைவிட்டார்" என்பதில் பழியைப் பெறுகின்றது. விடப்படும் பொருள் நல்லதா தீயதா என்பதைப் பொறுத்து இச்சொல்லின் தொனி மாறும்.

5. நம்பிக்கை இழத்தல்

"மருத்துவர்கள் கைவிட்டுவிட்டனர்" என்னும்போது நோயாளியைப் புறக்கணித்தனர் என்பது பொருளன்று. குணமாக்க இயலும் என்ற நம்பிக்கையை இழந்தனர் என்பதே பொருள். இவ்விடத்தில் "கைவிரித்துவிட்டனர்" என்றும் கூறுவர். கைவிரித்தல் என்பது தன்னிடம் ஒன்றும் இல்லை என்று வெறுங்கையைக் காட்டுதல் ஆகும். இது இயலாமையைக் காட்டுவது. கைவிடுதல் முடிவைக் காட்டுவது.

6. எதிர்மறை வழக்கு

வழிபாட்டிலும் ஆறுதல் மொழியிலும் இச்சொல்லின் எதிர்மறை வடிவங்களே மிகுதி. "கைவிடாதே" என்பது வேண்டுதல். "கடவுள் கைவிடமாட்டார்" என்பது ஆறுதல். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றும் அருகருகே அமைந்த குமரி மாவட்ட ஊர்களில், சமய வேறுபாடின்றி எல்லோரும் இச்சொல்லைப் பயன்படுத்துவதைக் காணலாம்.

இலக்கிய வழக்கு

இக்கூட்டு வினை பழந்தமிழிலேயே வழிப்பொருளில் வழங்கியுள்ளது. திருக்குறளில் "பெரியாரைத் துணைக்கோடல்" என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் (450) நல்லவருடைய தொடர்பைக் கைவிடுவது பலருடைய பகையைத் தேடிக்கொள்வதை விடப் பத்து மடங்கு தீமை தருவது என்னும் கருத்துக் கூறப்படுகின்றது. "நட்பாராய்தல்" என்னும் அதிகாரத்தில் (799) கேடு வரும் காலத்தில் கைவிடுவோருடைய நட்பு, சாகும் வேளையில் நினைத்தாலும் உள்ளத்தைச் சுடும் என்னும் கருத்து இடம்பெறுகின்றது. முதற் குறளில் கைவிடுபவரே கேட்டை அடைகின்றார். இரண்டாவதில் கைவிடப்பட்டவர் துன்புறுகின்றார். ஒரே வினையின் இரு பக்கங்களையும் இவை காட்டுகின்றன எனலாம்.

ஆங்கிலத்தின் "கிவ் அப்"புடன் ஒப்பீடு

"கிவ்" என்பதற்குக் கொடு என்றும், "அப்" என்பதற்கு மேலே என்றும் பொருள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "மேலே கொடு" என்று ஆகும். இதனால் தமிழில் பொருள் விளங்காது. பேருந்தில் தன் இருக்கையை முதியவருக்கு அளித்தல் முதலிய இடங்களில் கொடுத்தல் என்னும் நேர்ப்பொருள் ஓரளவு எஞ்சியுள்ளது. மற்ற இடங்களில் முழுவதும் வழிப்பொருளே.

தமிழ்ச் சொல் "விடு" என்பதை அடிப்படையாகக் கொண்டது. ஆங்கிலச் சொல் "கொடு" என்பதை அடிப்படையாகக் கொண்டது. விடுவதற்குப் பெறுபவர் தேவையில்லை. கொடுப்பதற்குப் பெறுபவர் தேவை. ஆகவே ஆங்கிலச் சொல் பெறுபவர் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் வருகின்றது. தமிழ்ச் சொல் பெறுபவர் இல்லாத இடத்தில் மட்டுமே பொருந்துகின்றது. பெறுபவர் இருக்கும்போது தமிழில் வேறு வினைகள் வரும்.

- எதிரியிடம் தன்னையே அளித்தல்: சரணடை
- ஒன்றை உரியவரிடம் சேர்த்தல்: ஒப்படை, கையளி
- பிறர் நன்மைக்காகத் தன் உரிமையை விடுதல்: விட்டுக்கொடு
- பழக்கத்தை விடுதல்: கைவிடு, நிறுத்து, விட்டொழி
- முயற்சியை விடுதல்: கைவிடு
- நம்பிக்கை தளர்தல்: நம்பிக்கை இழ, மனம் தளர்

மற்றொரு வேறுபாடும் உண்டு. ஆங்கிலச் சொல் செயப்படுபொருள் இல்லாமலும் வரும். தமிழில் "நான் கைவிடுகிறேன்" என்று மட்டும் கூறினால் வாக்கியம் முற்றுப்பெறாது. எதைக் கைவிடுகிறார் என்ற வினா எழும். விடுகதைக்கு விடை தெரியாத தமிழ்ச் சிறுவர் "தோற்றுவிட்டேன், நீயே சொல்" என்பர்; கைவிட்டேன் என்று கூறுவதில்லை.

இந்திய அரசு 2015 ஆம் ஆண்டில் வசதி படைத்தோர் சமையல் எரிவாயு மானியத்தைத் தாமாகவே துறக்குமாறு கேட்டுக்கொண்ட இயக்கத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அவ்வியக்கத்தின் ஆங்கிலப் பெயர் இச்சொற்றொடர் வினையைக் கொண்டே அமைந்தது. தமிழில் அதனை மானியத்தை "விட்டுக்கொடுத்தல்" என்பதே பொருத்தம். தான் விடுவது வேறொருவருக்குப் பயன்படும் என்ற கருத்து அதில் அடங்கியுள்ளது. "மானியத்தைக் கைவிடுங்கள்" என்றால் அக்கருத்து மறைந்து, இழப்பு மட்டுமே எஞ்சும்.

தக்கலை வட்டார வரலாற்றில் இருந்து எடுத்துக்காட்டுகள்

தக்கலை, குமரி மாவட்டத்தின் கல்குளம் வட்டத்தின் தலைமையிடம் ஆகும். திருவிதாங்கூர் அரசின் பழைய தலைநகரான பத்மநாபபுரம் இதனை ஒட்டியே உள்ளது. இவ்வட்டாரத்தோடு தொடர்புடைய பின்வரும் நிகழ்வுகள் அனைத்தையும் ஆங்கிலத்தில் "கிவ் அப்" என்ற ஒரே வினையால் கூற முடியும். தமிழில் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வினை தேவைப்படுகின்றது.

1741 - சரணடைதல். குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் ஒல்லாந்தர் தோற்றனர். அவர்களுள் ஒருவரான டி லனாய் சிறைப்பட்டார். பின்னர் அவர் திருவிதாங்கூர்ப் படையிலேயே சேர்ந்து அதன் தளபதியாக உயர்ந்தார். 1777 இல் இறந்த அவருடைய கல்லறை தக்கலைக்கு அருகில் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையில் இருக்கின்றது. ஒல்லாந்தர் தம்மைக் "கைவிட்டனர்" என்று தமிழில் எழுதினால் பொருள் முற்றிலும் மாறிவிடும். "சரணடைந்தனர்" என்பதே சரி.

1750 - ஒப்படைத்தல். மார்த்தாண்ட வர்மர் தம் அரசை ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு உரிமையாக்கினார். இது திருப்படிதானம் என அழைக்கப்படுகின்றது. அதன் பின்னர் மன்னர்கள் "பத்மநாபதாசர்" என்ற பெயரில், இறைவனின் ஊழியராக இருந்து ஆட்சி செய்தனர். அரசின் உரிமை மாறியது. ஆட்சிப் பொறுப்பு மாறவில்லை. மன்னர் "அரசைக் கைவிட்டார்" என்று பெயர்த்தால் அவர் துறவு பூண்டார் என்று தவறாகப் பொருள்படும்.

1752 - கைவிட மறுத்தல். பத்மநாபபுரம் அரண்மனையில் பணியாற்றிய நீலகண்ட பிள்ளை, டி லனாய் வழியாகக் கிறித்தவத்தை அறிந்து, 1745 இல் தேவசகாயம் என்ற பெயருடன் திருமுழுக்குப் பெற்றார். சிறைப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட பின்னரும் அவர் தம் நம்பிக்கையைக் கைவிட மறுத்தார். 1752 இல் ஆரல்வாய்மொழிக்கு அருகிலுள்ள காற்றாடி மலையில் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று கத்தோலிக்கத் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கியது. இங்குப் பெறுபவர் எவரும் இல்லாமையால் "கைவிடு" என்பது மிகச் சரியாகப் பொருந்துகின்றது.

1795 - இடம் மாற்றுதல். திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தில் இருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றப்பட்டது. பத்மநாபபுரத்தைக் "கைவிடப்பட்ட தலைநகர்" என்று கூறுவது உண்டு. ஆயினும் அரண்மனை பாழாக விடப்படவில்லை. மர வேலைப்பாடுகளுக்குப் பெயர்பெற்ற அக்கட்டடத் தொகுதி இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. எனவே தலைநகர் என்ற தகுதி "மாற்றப்பட்டது" என்பது பொருத்தமான கூற்றாகும்.

1956 - விட்டுக்கொடுத்தல். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. நேசமணி அதன் தலைவர்களுள் முதன்மையானவர். 1954 ஆகஸ்ட் 11 அன்று தக்கலையிலும் புதுக்கடையிலும் போராட்டக்காரர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியதில் உயிரிழப்புகள் ஏற்பட்டன. போராட்டம் அத்துடன் கைவிடப்படவில்லை. மாநிலங்கள் சீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டைப் பகுதியும் சேர்ந்தது. தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்திலேயே நின்றன. ஒரு மாநிலம் சில பகுதிகளை விட்டுக்கொடுத்தது. மற்றொரு மாநிலம் சில கோரிக்கைகளைக் கைவிட நேர்ந்தது. நிலம் மறுபுறம் சென்றது. அதற்குப் பெறுபவர் உண்டு. கோரிக்கை எவரிடமும் செல்வதில்லை. இரு வினைகளுக்கும் உள்ள வேறுபாடு இதுவே ஆகும்.

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டின் எல்லைக்குள் அமைந்திருந்தும், கேரள அரசின் தொல்லியல் துறையின் பராமரிப்பிலேயே உள்ளது. நிலத்தை விட்டுக்கொடுத்த அரசு அரண்மனையைக் கைவிடவில்லை என்று இதனைக் கூறலாம்.

சட்டத்திலும் நிர்வாகத்திலும்

பேச்சு வழக்கில் நெகிழ்வாக வரும் இச்சொல் சட்டத்தில் எல்லை வகுக்கப்பட்ட பொருளைப் பெறுகின்றது. யார் கைவிட்டவர், யார் கைவிடப்பட்டவர் என்பது முடிவாவதைப் பொறுத்தே ஒருவரின் உரிமையோ தண்டனையோ அமைகின்றது.

மணவாழ்வு

இந்து திருமணச் சட்டம், 1955 இன்படி, வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முன்பு தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் கணவனோ மனைவியோ மற்றவரைக் கைவிட்டிருத்தல் மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகும். தகுந்த காரணம் இல்லாமலும், மற்றவரின் இசைவு இல்லாமலும் விட்டிருக்க வேண்டும். வேண்டுமென்றே புறக்கணித்தலும் இதில் அடங்கும். 1956 ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் பிபின் சந்திர ஷா எதிர் பிரபாவதி என்ற வழக்கில், பிரிந்து வாழ்தல் மட்டும் கைவிடுதல் ஆகாது, கூடி வாழ்வதை நிலையாக முடித்துக்கொள்ளும் எண்ணமும் இருத்தல் வேண்டும் என்று விளக்கியது. உடலால் விலகுதல் நேர்ப்பொருள். எண்ணத்தால் விலகுதல் வழிப்பொருள். சட்டம் இரண்டையும் ஒருசேரக் கேட்கின்றது எனலாம்.

ஓய்வூதியம்

தமிழ்நாடு அரசு 1986 ஆம் ஆண்டில் ஆதரவற்ற, கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைத் தொடங்கியது. மணமுறிவு பெற்றிருத்தல், அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருத்தல், அல்லது நீதிமன்றத்தில் பிரிவுச் சான்று பெற்றிருத்தல் என்பது இத்திட்டத்தின் தகுதிகளுள் ஒன்று. இத்தகைய விண்ணப்பங்கள் வட்டாட்சியர் நிலையிலேயே ஆராயப்படுகின்றன. மணச் சட்டத்தில் இரண்டு ஆண்டுகள் என்றும், ஓய்வூதியத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகள் என்றும் வெவ்வேறு காலவரை இருப்பதால், ஒரு பெண் நீதிமன்றத்தின் பார்வையில் கைவிடப்பட்டவராகவும், ஓய்வூதிய விதிகளின் பார்வையில் இன்னும் அவ்வாறு ஆகாதவராகவும் இருக்கக்கூடும்.

குழந்தைகள்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015 இரு வகையினரை வேறுபடுத்துகின்றது.

- கைவிடப்பட்ட குழந்தை: பெற்றோரோ பாதுகாவலரோ விட்டுச்சென்ற குழந்தை. குழந்தைகள் நலக் குழு உரிய விசாரணைக்குப் பின் அவ்வாறு அறிவிக்க வேண்டும்.
- ஒப்படைக்கப்பட்ட குழந்தை: தம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட உடல், மன அல்லது சமூகக் காரணங்களால் பெற்றோரோ பாதுகாவலரோ குழுவின் முன் தோன்றி அளித்த குழந்தை.

இரண்டாம் வகையில், முடிவை மறுபரிசீலனை செய்யப் பெற்றோருக்கு இரண்டு மாத காலம் வழங்கப்படுகின்றது. பெறுபவர் உண்டா இல்லையா என்ற, மேலே கூறிய மொழியியல் வேறுபாடே இங்குச் சட்ட வேறுபாடாகவும் நிற்பது குறிப்பிடத்தக்கது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச்செல்லுதல் பாரதிய நியாய சன்ஹிதா, 2023 இன் 93 ஆம் பிரிவின்படி குற்றமாகும். தமிழ்நாடு அரசு 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், பெண் சிசுக் கொலையைத் தடுக்கும் நோக்கில், வளர்க்க இயலாத பெற்றோர் குழந்தையைப் பாதுகாப்பான தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்தது. கைவிடுதலை ஒப்படைத்தலாக மாற்றும் முயற்சி என இதனைக் கருதலாம்.

முதியோர்

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007 இன் 24 ஆம் பிரிவின்படி, மூத்த குடிமக்களைப் பராமரிக்கும் பொறுப்புடையவர் அவர்களை முற்றிலும் கைவிடும் நோக்கத்துடன் ஓரிடத்தில் விட்டுச்சென்றால், மூன்று மாதம் வரை சிறையோ, ஐந்தாயிரம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பிற திராவிட மொழிகளில்

மலையாளத்தில் "கைவிடுக" என்ற வினை இதே அமைப்பிலும் இதே பொருளிலும் வழங்குகின்றது. "விட்டுகொடுக்குக" என்பதும் தமிழின் "விட்டுக்கொடு" என்பதற்கு ஈடானது. கன்னடத்தில் "கைபிடு" என்பது கைவிடுதலைக் குறிக்கும். தமிழில் சொல்முதலில் வரும் வகரத்துக்கு இணையாகக் கன்னடத்தில் பெரும்பாலும் பகரம் வருவதால் (வா - பா, விடு - பிடு) இவ்வடிவம் அமைந்தது. தமிழின் "பிடி" என்ற சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை, பொருளோ நேரெதிர்.

இவ்வொற்றுமை எல்லாக் "கை" வினைகளுக்கும் பொருந்தாது. தமிழும் மலையாளமும் அருகருகே புழங்கும் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் இது கவனிக்கத்தக்கது. மலையாளத்தில் "கைமாறுக" என்பது ஒன்றைப் பிறரிடம் சேர்த்தல் அல்லது பரிமாறிக்கொள்ளுதல். தமிழில் "கைமாறு" என்பது பெயர்ச்சொல்லாக வரும்போது செய்த உதவிக்குப் பதிலுதவி என்று பொருள்படும். மலையாளத்தில் "கைக்கூலி" என்றால் இலஞ்சம். இன்றைய தமிழ்ச் செய்தி நடையில் அது பணத்துக்காக ஏவல் செய்பவரைக் குறிக்கின்றது. தமிழ் முஸ்லிம்களிடையே மணமகனுக்குப் பெண்வீட்டார் அளிக்கும் தொகையை அது குறிப்பதுண்டு. இலங்கையின் 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண, விவாகரத்துச் சட்டத்திலும் இச்சொல் அப்படியே இடம்பெற்றுள்ளது.

தொடர்புடைய கூட்டு வினைகள்

- கைகழுவு: பொறுப்பு தன்னுடையது அன்று என்று விலகு. கைவிடுதலை விட அலட்சியம் மிகுந்தது.
- கைநழுவு: எண்ணம் இல்லாமலேயே இழக்கப்படு. ("வாய்ப்பு கைநழுவியது.") இதில் இழப்பவர் குற்றவாளி அல்லர்.
- கைவிட்டுப் போ: உடைமை பிறரிடம் சென்றுவிடு. ("கடனால் நிலம் கைவிட்டுப் போயிற்று.")
- கையளி: ஒப்படை. இலங்கைத் தமிழில் மிகுதியாக வழங்குவது.
- கைகொடு: உதவு. கைவிடுதலின் எதிர்ச்சொல்லாகக் கொள்ளத்தக்கது.
- கைக்கொள்: ஏற்றுப் பின்பற்று. கொள்கை, பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்தவரை கைவிடுதலின் எதிர்ச்சொல்.
- கைப்பற்று: வலிந்து தன்னுடையதாக்கு.

எழுத்து முறை

"கை" என்பதை அடுத்து வல்லினம் வரும்போது சில சொற்களில் ஒற்று மிகும், சிலவற்றில் மிகாது. கையைத் தட்டு, கையைக் கழுவு, கையைக் கொடு என விரியும் இரண்டாம் வேற்றுமைத் தொகைகளில் பொதுவாக மிகாது (கைதட்டு, கைகழுவு, கைகொடு). கையால் பற்று, கையில் கொள் என விரிபவற்றில் மிகும் (கைப்பற்று, கைக்கொள்). "கைவிடு" என்பதில் வருமொழி இடையினமாகிய வகரத்தில் தொடங்குவதால் ஒற்று மிகும் சிக்கல் எழுவதில்லை. ஆனால் இதற்கு முன் வரும் செயப்படுபொருளின் "ஐ" உருபுக்குப் பின் ஒற்று மிகும்: "முயற்சியைக் கைவிட்டான்", "பெற்றோரைக் கைவிடாதே".

இவற்றையும் பார்க்க

- கூட்டு வினை
- துணைவினை
- மரபுத்தொடர்
- பத்மநாபபுரம் அரண்மனை
- தக்கலை